கண்ணாடித் தொட்டிக்குள் கடலலை

கரவெட்டியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் பருத்தித்துறைக் கடற்கரையை அடைந்துவிடலாம். மார்கழி மாதத்தில் வாடைக் காற்று வீசும்பொழுது அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அலையின் ஆற்றலைப்பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அதே கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஆயினும் அது முற்றாக நின்றுவிட்டது என்று எவரும் சொன்னதில்லை. அலை சிறுத்தாலும் நீரோட்டம் இருக்கும். நீரோட்டம் தளர்ந்தாலும் வற்றுப்பெருக்கு இருக்கும். நில்லாமையே கடலின் இயல்பு.

இந்த நில்லாத கடலின் ஒரு சிறு துண்டை எடுத்து, கண்ணாடித் தொட்டியொன்றில் அடைத்து, எம்முடைய மாணவர் சிலருடன் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வைத்து வளர்க்க முயன்றோம். அலையை உண்டாக்கும் பம்பிகளைக் கணினிபோன்ற சிறு கட்டுப்படுத்தியொன்றுடன் இணைத்துத் தாமாகவே இயங்கும்படி செய்தோம். அதனால் நாம் கற்ற பாடம் மீன் வளர்ப்போருக்கு மட்டுமன்றி, யந்திரங்களை நம்பி வாழும் நம் எல்லோருக்கும் உரியது என்று எண்ணுவதால் அதனை இங்கே எழுத முற்படுகிறோம்.

அலை எதற்கு?

குளத்து மீனை வளர்ப்பவர்கள் தொட்டியில் காற்றுக் குமிழி விடுவதோடு திருப்தியடைவர். கடல்வாழ் உயிர்களுக்கு அது போதாது. காரணம் எளிது. நிலத்தில் வாழும் நாம் உணவைத் தேடிச் செல்கிறோம். கடலிலோ எத்தனையோ உயிர்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு உணவு தம்மைத் தேடி வரும்வரை காத்திருக்கின்றன. முருகைக்கல் அத்தகையது. பெயர் கல்லாயினும் அதனைக் கட்டுவது சின்னஞ்சிறு பிராணிகளின் கூட்டம். அப்பிராணிகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரருக்கும் பகிர்ந்தளிக்கின்றன. வீட்டுக்காரர் மிகுதியை நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து ஈடுசெய்கிறார்.

இவற்றின் உடலை ஒட்டி மெல்லிய நீர்ப்படை ஒன்று அசையாது நிற்கும். சுவாசிக்க வேண்டிய ஒட்சிசன் அந்தப் படையினூடாகவே உள்ளே வரவேண்டும். கழிவும் அதனூடாகவே வெளியேற வேண்டும். நீர் வேகமாக அசைந்தால் அப்படை மெலிந்து கொடுக்கல் வாங்கல் இலகுவாகிறது. அசையாவிடில் தடித்து, உயிர் மூச்சுத் திணறுகிறது. மேலும், அலை வந்து கழுவாவிட்டால் மண்ணும் தூசும் படிந்து முருகையை மூடிவிடும். ஒரே திசையில் ஓயாது பாயும் நீரும் ஏற்றதன்று. முன்னும் பின்னும், மெதுவாகவும் விரைவாகவும் மாறி மாறி வரும் அசைவையே கடல் தந்து பழக்கியிருக்கிறது.

மீன்களுக்கும் இதில் பங்குண்டு. எமது பிரதேசத்துக் கடல்நீர் 28 பாகை வெப்பநிலையில் இருக்கும்பொழுது லீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்க முடியும். நீர் சூடாக ஆக இந்த அளவு குறையும். உப்புக் கூடினாலும் குறையும். ஆதலால் வெப்ப நாட்டுக் கடல்மீனுக்குத் தொட்டியில் மூலதனம் சொற்பம். நீரின் மேற்பரப்பு இடைவிடாது குலுங்கிக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பெற்றுக்கொண்டிருந்தால்தான் செலவு கட்டும்.

முன்னோர் செய்த அலைகள்

தொட்டிக்குள் கடலை வைக்கும் ஆசை புதிதன்று. 1853ஆம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கென ஒரு மீன்காட்சி மனை திறக்கப்பட்டது. சென்னை மெரீனாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் ஒன்று தோன்றியது. அக்காலத்தில் மீன்களைக் காப்பதே பெரும்பாடு. முருகைக்கல்லை உயிரோடு வைத்திருத்தல் கனவு.

1960களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிரினங்கள் ஒட்டிய கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே துணைக்கொண்டு முருகைகளை வளர்த்துக் காட்டினார். 1980ஆம் ஆண்டில் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் அரும்பொருட்சாலையில் வால்டர் ஏடி என்னும் விஞ்ஞானி, முருகைக்கற் பாறையின் சிறு மாதிரி ஒன்றை அமைத்தார். அவர் அலையெழுப்பக் கையாண்ட உபாயம் வேடிக்கையானது. நீர் நிரம்பியதும் தானாகவே கவிழும் வாளியை வைத்தார். நிரம்புவதும் கவிழ்வதுமாக வாளி ஆட, தொட்டியில் அலை எழுந்தது. துலா மிதித்து நீரிறைத்த பரம்பரையினராகிய நமக்கு இந்த யுக்தி அந்நியமானதன்று.

1984ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மொன்றேயில் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில் இரண்டு மாடி உயரத்துக்கு மேற்பட்ட தொட்டியொன்றில் பெரிய கடற்பாசிக் காடே வளர்க்கப்பட்டது. அசைவில்லாத நீரில் அப்பாசி செழிக்காது. ஆகவே நீரை மேலிருந்து அமுக்கி அலையெழுப்பும் யந்திரம் ஒன்று அங்கே பொருத்தப்பட்டது. ஹியூலெற் பக்காட் என்னும் மின்னணு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டேவிட் பக்காட் அதனை அமைப்பதில் தாமே முன்னின்று உழைத்தார்.

இக்காலத்தில் உள்ளங்கையளவு பம்பியொன்று இவ்வேலையைச் செய்துவிடுகிறது. அதனுள்ளே காற்றாடிபோன்ற இதழ்கள் சுழன்று, ஊசிபோல் குத்தும் பீச்சாக அல்லாமல் அகன்று பரவும் ஓட்டமாக நீரைத் தள்ளுகின்றன. வோட்டெக் என்னும் பம்பியில் மோட்டர் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. காந்த விசை கண்ணாடியை ஊடுருவிச் சென்று உள்ளேயுள்ள இதழைச் சுழற்றுகிறது. நீருக்குள் மின்சாரமும் இல்லை, வெப்பமும் இல்லை. பௌதிக பாடத்தில் காந்தத்தைக் கற்கும் மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

இரண்டு கம்பிகளின் பாஷை

முற்காலப் பம்பிகள் வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடின. அவற்றுக்கு ஓடு, நில் என்ற இரண்டு கட்டளைகளே விளங்கும். அலைபோல் ஆக்குவதற்கு அவற்றை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால், ஒவ்வொரு தொடக்கத்திலும் இதழ் அதிர்ந்து தேய்ந்துவிடும். இப்போதைய பம்பிகள் 12 அல்லது 24 உவோற்று நேரோட்டத்தில் இயங்குகின்றன. அவற்றின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியே இரண்டு கம்பிகள் இருக்கும். அக்கம்பிகளில் 0 உவோற்று இருந்தால் நிற்கவும், 10 உவோற்று இருந்தால் முழுவேகத்தில் ஓடவும், இடைப்பட்ட அளவுக்கு இடைப்பட்ட வேகத்தில் ஓடவும் வேண்டும் என்பது பொதுவான உடன்பாடு. எல்லாப் பம்பிகளும் 10 உவோற்றைத் தாங்குவன அல்ல. சிலவற்றுக்கு 5 உவோற்றே எல்லை. கைந்நூலைப் படியாது கம்பியை இணைப்பவர் பம்பியை இழப்பர்.

எமது கட்டுப்படுத்தி அருடீனோ எனப்படும் சிறு பலகை. அது தரக்கூடியது 0 அல்லது 5 உவோற்று மாத்திரமே. இடைப்பட்ட அளவுகள் அதற்குத் தெரியா. ஆனால் விநாடிக்கு ஏறத்தாழ 490 தடவை அது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க வல்லது. ஏறி நிற்கும் நேரத்தைக் கூட்டினால் சராசரி கூடும். குறைத்தால் சராசரி குறையும். 10 கிலோ ஓம் தடையொன்றையும் 10 மைக்ரோ பரட் கொள்ளளவியொன்றையும் வழியில் வைத்தால் அந்தத் துடிப்புகள் கரைந்து சீரான மின்னழுத்தமாக மாறுகின்றன. பின்னர் எல்.எம். 358 என்னும் செயற்பாட்டு விரியலாக்கி அதனை இரட்டிப்பாக்கி 10 உவோற்று வரை உயர்த்துகிறது. உயர்தர வகுப்புப் புத்தகத்தில் வெறும் படமாகக் கிடந்த சுற்று, கண்முன்னே நீரைத் தள்ளக் கண்டபொழுது மாணவர் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாம் மறக்கமாட்டோம்.

முதல் நாளில் பம்பி எம்மைப் பரிகசித்தது. கட்டளை எதுவாயினும் அது தன் விருப்பப்படி விரைந்தும் தளர்ந்தும் ஓடியது. இரண்டு மணித்தியாலம் தேடிய பின்னரே பிழை விளங்கியது. கட்டுப்படுத்தியின் மறை முனையையும் பம்பியின் மறை முனையையும் நாம் ஒன்றாக இணைத்திருக்கவில்லை. மின்னழுத்தம் என்பது இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு. எங்கிருந்து அளப்பது என்பதில் இருவருக்கும் உடன்பாடு இல்லாதவிடத்து ஒருவர் சொல்லும் பத்து மற்றவருக்குப் பத்தாக இராது. உலக வழக்குகள் பலவற்றின் மூலகாரணமும் இதுவே என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அந்த ஒரு கம்பியைப் பூட்டினோம். பம்பி சொற்கேட்கத் தொடங்கியது.

தொட்டி 90 சதமமீற்றர் நீளமானது. நீரின் ஆழம் 40 சதமமீற்றர். நீர் 160 லீற்றருக்குச் சற்று மேல். இத்தகைய தொட்டியில் நீர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தளும்பித் திரும்புவதற்கு ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரம் எடுக்கும். ஊஞ்சலை ஆட்டுபவர் அதன் தாளமறிந்து தள்ளுவதுபோல, பம்பியும் அத்தாளத்திலே தள்ளினால் சிறிய விசையிலேயே பெரிய தளும்பல் உண்டாகும். பரிவு என்று பாடப்புத்தகம் கூறுவது இதுவே. அளவுக்கு மிஞ்சினால் நீர் நிலத்தில் கொட்டும். கண்ணாடியின் ஒட்டுக்களும் தாங்கா.

மாணவர் இரண்டு வகை ஓட்டங்களை எழுதினர். சுழன்று மோதும் ஒன்றுக்கு வாடை என்றும், மெல்லென ஒழுகும் மற்றொன்றுக்குச் சோளகம் என்றும் பெயரிட்டனர். இரவில் சோளகம், பகலில் வாடை. உணவிடும் நேரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் உணவு சிதறாதிருக்கப் பம்பிகள் பத்து நிமிடம் ஓய்ந்து, பின்பு தாமே தொடங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை

தொட்டியில் முருகைக்கல் இருக்கவில்லை. உயிருள்ள முருகையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தல் நம் நாட்டில் சட்டவிரோதம். சட்டம் இல்லாதிருந்தாலும் அதனைச் செய்ய எமக்கு மனம் வராது. லாண்ட்மாஸ்டரில் கான்களில் ஏற்றிவந்த கடல்நீர், சிறிது சாதாழை, கரையோரக் கற்குட்டைகளில் வற்று வேளையில் அகப்பட்ட ஐந்து சிறு வரிமீன்கள், சங்கொன்றைச் சுமந்து திரிந்த துறவி நண்டு ஒன்று ஆகியவையே எம் கடலின் குடிமக்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பின்னர் மாணவன் ஒருவன் உணவிட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு வீடு சென்றான். பத்து நிமிடத்தின் பின் பம்பிகள் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. நாம் எழுதிய நிரலில் இருந்த பிழையொன்றினால் கட்டுப்படுத்தி அந்த வேளையிலேயே உறைந்துவிட்டது. பூச்சியம் உவோற்று என்ற கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு அது இரவு முழுவதும் நின்றது. பம்பிகளும் பணிந்து நின்றன. தின்னாது எஞ்சிய உணவு அழுகி, இருந்த ஒட்சிசனையும் விழுங்கியது. சனிக்கிழமை காலை நாம் கதவைத் திறந்தபொழுது தொட்டி கண்ணாடிபோல் அசைவற்று, பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்று மீன்கள் இறந்து கிடந்தன. இரண்டு, மேற்பரப்பில் வாயை வைத்துத் திணறிக்கொண்டிருந்தன.

பொத்தானை அமுக்கிய மாணவன் தன்னாலே நேர்ந்ததென்று அழுதான். அவன் தகப்பனார் கடற்றொழில் செய்பவர். மகனை அழைத்துச் செல்ல வந்தவர் தொட்டியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “உது நிண்டால் என்ன நடக்குமெண்டு முதலே யோசிக்கேல்லையே, சேர்?” என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் இயந்திரம் நின்றால் என் செய்வது என்பதைக் கரையில் இருக்கும்பொழுதே எண்ணிக்கொள்பவர்கள். நாமோ யந்திரம் ஓடும்பொழுது எப்படி ஓடவேண்டும் என்பதைக் கற்பிப்பதில் பல வாரம் செலவிட்டோம். அது தவறும்பொழுது என்ன நிகழவேண்டும் என்பதற்கு ஒரு நாழிகையும் செலவிடவில்லை. பிழை மாணவனுடையதன்று, எம்முடையது என்று அவனிடம் சொன்னோம்.

வாய்மூடினாலும் நீர் ஓடட்டும்

எஞ்சிய இரண்டு மீன்களையும் கடலில் விட்டபின், வேலையைப் புதிதாகத் தொடங்கினோம். முதலாவதாக, கட்டுப்படுத்திக்குள்ளேயே இருக்கும் காவற் கடிகாரத்தை எழுப்பினோம். நிரல் ஒழுங்காக ஓடும்வரை அது சில விநாடிக்கொரு முறை அக்கடிகாரத்தைத் தொட்டு, நான் விழித்திருக்கிறேன் என்று அறிவிக்க வேண்டும். எட்டு விநாடிக்குள் அறிவிப்பு வராவிடில் கடிகாரம் பலகையை மீண்டும் முதலிலிருந்து தொடக்கிவிடும். இவ்வசதி அந்தச் சிறு பலகையில் ஆதிமுதலே இருந்தது. நாமே அதனைத் தேடவில்லை.

இரண்டாவதாக, விரியலாக்கியின் வாயிலில் ஒவ்வொன்றும் ஒரு மெகா ஓமான இரண்டு தடைகளைப் பொருத்தி, அங்கே 2.5 உவோற்று எப்பொழுதும் காத்திருக்கும்படி செய்தோம். கட்டுப்படுத்தி பேசும்பொழுது அதன் சொல்லே செல்லும். அதிலிருந்து வரும் கம்பி கழன்று போனால் பம்பி நிற்காது, அரைவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மௌனத்துக்கு நில் என்று இருந்த பொருளை ஓடு என்று மாற்றினோம்.

மூன்றாவதாக, இரண்டு பம்பிகளில் ஒன்றைக் கட்டுப்படுத்தியிலிருந்து விடுவித்து நேரே மின்சாரத்தில் பூட்டினோம். அதற்கு வாடையும் தெரியாது, சோளகமும் தெரியாது. ஓடுவது மட்டும் தெரியும். பல யுக்திகளிலும் இந்த யுக்தியற்ற பம்பியையே நாம் அதிகம் நம்புகிறோம்.

நான்காவது மின்வெட்டு. 1990ஆம் ஆண்டுக்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையினர் நாம். 2022ஆம் ஆண்டு பங்குனி முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதையும் இன்றைய மாணவர் கண்டிருக்கிறார்கள். ஆகவே ரிலே எனப்படும் மின்காந்த ஆளி ஒன்றைப் பொருத்தினோம். மின்சாரம் உள்ளவரை காந்தம் ஆளியை இழுத்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் ஆளி விழுந்து, மின்கலத்தைச் சிறு காற்றுப் பம்பியோடு இணைத்துவிடும். இதற்குக் கணினியின் மூளை வேண்டியதில்லை. 12 உவோற்று, 7 அம்பியர் மணி மின்கலத்தில் 84 உவாற்று மணி சக்தி உண்டு. 5 உவாற்றுக் காற்றுப் பம்பிக்குக் கணக்கின்படி 16 மணித்தியாலத்துக்கு மேல் போதும். நடைமுறையில் பாதியையே நம்புவது புத்தி.

வீட்டில் இத்தகைய தொட்டி வைக்க விரும்பும் மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். 230 உவோற்றில் ஓடும் எதனையும் நீரில் இறக்கவேண்டாம். நேரோட்டப் பம்பிகளையே கையாளுங்கள். மின் கம்பி தொட்டியிலிருந்து நேரே சுவருக்கு ஏறாமல் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து செல்லட்டும். வழியும் நீர் அவ்வளைவிலே சொட்டிவிடும், செருகிக்குள் புகாது. வீட்டில் கசிவு கண்டு துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சு வேலை செய்கிறதா என்று மூத்தோர் ஒருவரைக்கொண்டு சோதித்த பின்னரே தொடங்குங்கள்.

வெளியே இருக்கும் கடல்

யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரில் முருகைக்கல்லைக் கண்டிருப்பீர்கள். உயிரோடிருக்கும் முருகையைக் கண்டவர் நம்மிற் சிலரே. ஆனால் அது வெகுதூரத்தில் இல்லை. குடாநாட்டைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளைப் பற்றி 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் முன்பு பதிவுசெய்யப்படாத 36 முருகை இனங்களை இங்கே கண்டறிந்து உறுதிசெய்தது. நம் வாசலிலே கிடந்த செல்வத்தை நாம் எண்ணிப் பார்த்ததே நேற்றுத்தான். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்தது. ஆயினும் சூடேறும் கடலுக்குச் சட்டம் தெரியாது. 1998ஆம் ஆண்டில் இலங்கைக் கரைகளிற் பல முருகைகள் வெப்பத்தால் வெளிறி மடிந்தன. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வதாக 2024ஆம் ஆண்டு சித்திரையில் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

160 லீற்றர் நீரை ஓரிரவு உயிரோடு வைத்திருப்பதற்கு எமக்கு இரண்டு பம்பிகளும், காவற் கடிகாரமும், மின்கலமும் தேவைப்பட்டன. பருத்தித்துறைக்கு அப்பாலுள்ள கடல் இத்தனை யுகமாக இவ்வேலையை எவருடைய கட்டளையுமின்றிச் செய்துவருகிறது. அது தவறினால் அரைவேகத்தில் ஓட இன்னொரு கடலை நாம் பூட்டி வைத்திருக்கவில்லை.

தொட்டி இப்பொழுதும் ஆய்வுகூடத்தில் இருக்கிறது. மூன்று மாதம் வெறும் நீரும் சாதாழையுமாக அதனை ஓடவிட்டு, கம்பிகளைக் கழற்றியும் மின்சாரத்தை நிறுத்தியும் மாணவர் சோதித்தனர். ஒவ்வொரு சோதனையிலும் நீர் அசைந்துகொண்டே இருந்தது. அதன் பின்னரே மீண்டும் இரண்டு மீன்களைக் கொண்டுவர இணங்கினோம். அன்று அழுத மாணவனே அவற்றை நீரில் விட்டான். உணவிடும் பொத்தானின் அருகே அவன் ஒரு சிறு அட்டையை ஒட்டியிருக்கிறான். பம்பி மீண்டும் ஓடுவதைக் கண்ட பின்னரே வீட்டுக்குச் செல்க என்று அதில் எழுதியிருக்கிறது.